பழைய குரல்

ஜெயம்மாள் போனில் சிரித்ததுதான் உதயாவுக்கு உறுத்தியது. நேற்று இதே போனில் அப்படி அழுதவர்.

"அவசரமில்லப்பா, மெதுவா வா. கல்பனா பேசிகினுதான் இருக்குறா."

கணினியில் உள்ளதைப் பார்வையற்றவர்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டும் இலவச மென்பொருள் ஒன்று உண்டு. உதயாவும் தன்னார்வலர்கள் சிலரும் சேர்ந்து அதை எழுதி வந்தார்கள். அதற்கு முதன்முதலில் குரல் கொடுத்தவள் ஜெயம்மாளின் மகள் கல்பனா. திருத்தணியில் உதயாவின் அறையில் உட்கார்ந்து ஒவ்வோர் எழுத்தாகப் பேசிப் பதிந்தவள், அடுத்த வருடமே மூளைக்காய்ச்சலில் போய்விட்டாள். கண் தெரியாத அம்மா அந்தக் குரலில் தினமும் கதை கேட்பார்.

போன மாதம் உதயா மென்பொருளில் வேண்டாததையெல்லாம் களைந்தான். பழைய குரலை யாராவது பயன்படுத்துகிறீர்களா என்று குழுவுக்கு மடல் போட்டான். பதில் வரவில்லை. 'பழைய குரல் யாருக்கும் வேண்டாம்' என்று குழுவுக்கு எழுதிவிட்டு அதையும் நீக்கினான். ஜெயம்மாளுக்கு மின்னஞ்சல் ஏது? அது அவனுக்குத் தெரியும். வேலை முடிந்தால் போதுமென்று வசதியாக மறந்துவிட்டான், பாவி. ஞாயிற்றுக்கிழமை அவனே போய் அவர் கணினியில் புதிய பதிப்பை ஏற்றி, பழையதைத் துடைத்துவிட்டும் வந்தான்.

நேற்று மகளின் குரலைக் காணோமென்று ஜெயம்மாள் அழுததால், இன்று பழைய பதிப்பை சிடியில் எழுதிக்கொண்டு ஆர்.கே.பேட்டை பஸ் ஏறினான். மொட்டை போட்ட தலைகளின் சந்தன வாசனையும், ஈரத் துணியின் நாற்றமும், வழியெல்லாம் பிடித்த தூறலும் சேர்ந்து அவனுக்குக் குமட்டியது. ஜெயம்மாளிடம் என்ன சொல்லி மன்னிப்புக் கேட்பது என்றே யோசித்துக்கொண்டு வந்தான்.

இறங்கியதும் எதுவோ குறைந்தது. எந்நேரமும் தடதடக்கும் விசைத்தறித் தெருவில் கூரைத் தண்ணீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. வாசலில் பீடி பிடித்துக்கொண்டிருந்த தறிக்காரர் ராஜவேலு, "காலையிலேர்ந்து கரண்ட் இல்லீங்க" என்றார்.

உதயாவின் கால்கள் நின்றன.

கரண்ட் இல்லையென்றால் கணினி ஏது?

ஜெயம்மாளின் கதவு திறந்திருந்தது. உள்ளிருந்து குரல் வந்தது. கல்பனாவின் குரல். எழுத்தெழுத்தாக. நடுநடுவே மூச்சு இழுத்துக்கொண்டு.

"ப... ழை... ய... கு... ர... ல்... யா... ரு... க்... கு... ம்... வே... ண்... டா... ம்..."

அவன் குழுவுக்கு எழுதிய வரி. அவனுடைய வரி.

எட்டிப் பார்த்தான். கணினித் திரை இருண்டு கிடந்தது. ஜெயம்மாள் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. காலி.

"ஆட்டாதடி தலைய" என்றார் ஜெயம்மாள் செல்லமாக. கனகாம்பரச் சரத்தை மடித்து, நாற்காலிக்கு மேலே வெறும் காற்றில் வைத்து, கொண்டை ஊசி குத்தினார். கையை எடுத்தார்.

பூ விழவில்லை.

"உதயா வந்துகினு இருக்கான்டி" என்றார்.

குரல் நின்றது. அந்தரத்தில் தொங்கிய பூச்சரம், மெல்ல, வாசல் பக்கம் திரும்பியது.