வலப்பக்கம் அத்தை

சட்டையின் வலப்புறத் தையல் மட்டும் விட்டிருந்தது. காலையில் அவளே இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டை. சோபாவில் கணவருக்கு இடப்புறம், அவள் தோள் உரசிக்கொண்டிருந்த பக்கம், எல்லாம் ஒழுங்காக இருந்தது. யாரும் இல்லாத வலப்புறத்தில் விலா ஒரு தலையணை அளவுக்குப் புடைத்து, பச்சை இறைச்சி வாடையோடு, துணிக்குள் மெல்ல இடம் தேடிக்கொண்டிருந்தது.

இருவருக்கும் ஒரே ஆய்வகத்தில்தான் வேலை. அவள் செல் வளர்க்கிறவள், அவர் கண்ணாடித் தட்டு கழுவுகிறவர். போன வாரம் ஒரு தட்டு உடைந்து அவர் கையைக் கிழித்தது. அதில் இருந்தவை வைரஸ் புகுந்து குணம் மாறிய செல்கள். நல்ல செல்கள் நாலாபுறமும் ஒட்டி நின்றால் அவை வாலைச் சுருட்டிக்கொண்டு கிடக்கும். ஒரு பக்கம் இடம் கிடைத்தால் போதும், குவிய ஆரம்பித்துவிடும். தினமும் பார்க்கிறவள் அவள்.

"அத்தை, ஓடி வாங்க! அந்தப் பக்கம் ஒட்டி உக்காருங்க."

மாமியார் பதறி வந்து உட்கார்ந்து, மகன் தோளில் கை போட்டார். புடைப்பு அடங்கியது.

"கல்யாணமான புதுசுல கூட நீங்க ரெண்டு பேரும் இப்படி ஒட்டிக்கிட்டு உக்காந்து நான் பாத்ததில்லையே!"

"சிரிக்க வைக்காதம்மா, வலிக்குது," என்றார் அவர்.

டாக்டருக்குச் சொல்லியாயிற்று. அவர் வரும்வரை விலகக் கூடாது. இவரை இழந்துவிடுவோமோ என்ற பயத்தில் அவள் இன்னும் நெருங்கிக்கொண்டாள். ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. பிரிட்ஜ் உறுமி ஓய்ந்தது. அத்தை கண்ணயர்ந்து குறட்டை விட்டார். சற்று நேரத்தில் அது நின்றபோது, அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

மறுபடி அந்த வாடை.

"அத்தை, கையை எடுத்துட்டீங்களா?"

"எடுக்கலியே, தோள்லதான் இருக்கு," என்றார் கணவர். "ஆனா ஜில்லுனு இருக்கு."

எட்டித் தொட்டாள். விறைத்த விரல்கள். ஐயோ.

செத்த செல் எதையும் தடுக்காது. அது அவளுக்குத் தெரியும்.

எழுந்து அந்தப் பக்கம் போகலாம். போனால் இந்தப் பக்கம்?

அவரை இறுக்கிக் கட்டிக்கொண்டாள். விலாவைச் சுற்றிக் கை எட்டவில்லை.

"அம்மா தட்டிக்கொடுக்கறாங்க, பாரு," என்றார் அவர் நிம்மதியாக.

பார்த்தாள். அத்தையின் தலை தொங்கிக் கிடந்தது. கை மட்டும் அசைந்தது. சட்டைக்குள்ளிருந்து ஏதோ அதைத் தூக்கியது. அவர் காதளவு. தலையளவு. இன்னும் மேலே.