தூக்குவாளியில் ஒரு கொலை

டிரிங்... டிரிங்...!

கோவில்பட்டி போலீஸ் ஸ்டேஷன் போன் அலறியது. சப்-இன்ஸ்பெக்டர் பீர் முகம்மது எரிச்சலோடு எடுத்தார். நேற்று மதியத்திலிருந்து மனைவியோடு பேச்சில்லை. காலைச் சாப்பாடும் இல்லை.

"கொல நடந்துட்டு! எம் பிள்ளைய அழிச்சிட்டானுவ!"

ஜீப் பறந்தது!

ஊருக்கு வெளியே, மில் முதலாளி ஒருவர் நடத்தும் பருத்தி ஆராய்ச்சிக் கூடம். விஞ்ஞானி பூவனலிங்கம் ஒரு காலித் தூக்குவாளியைக் கட்டிக்கொண்டு அழுதார்.

"பொணம் எங்க அண்ணாச்சி?"

"இதுக்குள்ளதான் இருந்துது... பூஞ்சணம்!"

பீர் முகம்மது சிரிப்பை அடக்கிக்கொண்டார்.

"சிரிக்காதீய! இது நல்ல பூஞ்சணம். பருத்திய வாட வைக்குத கெட்ட பூஞ்சணத்த மண்ணுக்குள்ளயே தின்னுரும். கண்ணாடிக் குப்பி வாங்கித் தரமாட்டேங்காவ. அதான் அவிச்ச சோளத்துல, வாளியில வளத்தேன். பச்சப் பசேல்னு வித்துத்தூள் பிடிச்சிருந்துது. நாளைக்கு மொதலாளி பாக்க வாராவ. காட்டலேன்னா கூடத்தையே பூட்டிருவாவ!"

வாளியோ பளபளவென்று கழுவியிருந்தது.

உதவியாளன் கொம்பையா மூலையில் நின்றான். எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்றது அவன் முழி.

"ஏலே! சோளத்த என்ன செஞ்ச?" லத்தி உயர்ந்தது.

"அடிக்காதீய! நான் தின்னது சோளம் இல்லய்யா... பிரியாணி!"

"என்னது?"

"நேத்து மத்தியானம் தண்ணி தெளிக்க வாளியத் தொறந்தேன். உள்ள பிரியாணி! ஆருக்கு வந்ததோ... வாசன விடல. தின்னுட்டுக் கழுவி வச்சிட்டேன்!"

லத்தி அந்தரத்தில் நின்றது.

பீர் முகம்மது வாளியைக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் வெட்டியிருந்த எழுத்து... 'தௌ.பே.'!

தௌலத் பேகம்! அவர் மனைவியின் சீர்ப் பாத்திரம்!

வீடுகளிலிருந்து ஸ்டேஷனுக்குச் சாப்பாடு சுமக்கும் கருத்தையா, நேற்று இங்கே தண்ணீர் குடிக்கச் சுமையை இறக்கியிருக்கிறான். கிளம்பும்போது வாளியை மாற்றி எடுத்துவிட்டான்!

பீர் முகம்மதுவுக்கு வியர்த்தது. நேற்று ஸ்டேஷனுக்கு வந்த கூடத்து வாளியைத் திறந்து, பச்சைப் பச்சையாய்ச் சோளத்தைப் பார்த்து, பின்பக்கத்து எருக்குழியில் வாளியோடு வீசியவர் அவர்தான். "பிரியாணிதான் அனுப்புனேன்" என்று சத்தியம் செய்த மனைவியை நம்பாமல் கத்தித் தீர்த்தவரும் அவரேதான்!

ஜீப் திரும்பப் பறந்தது. பூவனலிங்கம் எருக்குழிக்குள் குதித்தார். வாளி சாணத்தில் சாய்ந்து கிடந்தது. பாதிச் சோளம் உள்ளேயே இருந்தது. அதன் மேல் பச்சை முன்னைவிட அடர்த்தி!

"எம் பிள்ள பொழச்சிட்டு!" விஞ்ஞானி சாணக் கையோடு அழுதார்.

"அப்ப கேசு?" என்றான் கொம்பையா.

"பொணம் பொழச்சிட்டுலே. இனி வீட்டுக்குப் போயி கொலகாரன் பொழைக்கணும்!" பீர் முகம்மது தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தார்.

"அய்யா..! போறதுதான் போறீய... பிரியாணிக்கு உப்பு ஒரு கல்லு கம்மின்னு அம்மாகிட்ட சொல்லிருங்க!"