முணுமுணு வந்துவிட்டாள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவில் வைத்திருக்கிறேனா என்று தெரியவில்லை. அது மழைக்காலமா, வெயில்காலமா என்பதுகூட மறந்துவிட்டது. பொறாமை மட்டும் அப்படியே நினைவிருக்கிறது.

அப்போது நான் ஐந்தாம் வகுப்பு. அண்ணன் அதே பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு. அவனுடைய கூட்டாளிகள் இருவர் படிப்பை விட்டுவிட்டு மரச்சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்கள். அதன்பிறகு அவனுக்குக் காலையில் எழுந்திருக்கவே மனசு வராது.

"கடைசி பெஞ்சுல நான் மட்டும் உக்காந்திருக்கேன். எதுக்குப் போகணும்?" என்பான்.

அம்மாவுக்கு மருத்துவமனையில் துணி துவைக்கும் பிரிவில் வேலை. விடிவதற்குள் கிளம்பிவிடுவார். அண்ணன் போர்வைக்குள் கிடப்பது அவருக்குத் தெரியாது.

ஒருநாள் அண்ணனின் ஆசிரியர் என் காதுபடவே சொன்னார்: "இன்னும் கொஞ்ச நாள் மட்டம் போட்டா பரீட்சை எழுத முடியாதுடா."

கையோடு ஒரு வேலையும் கொடுத்தார். மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் வாய்விட்டு வாசிக்கவே மாட்டாள். தினமும் மதியம் அவளை அண்ணன் வாசிக்க வைக்க வேண்டும்.

அவளுக்கு முணுமுணு என்று பெயர் வைத்தான் அண்ணன். அவ்வளவுதான். மறுநாளிலிருந்து எனக்கு முன்னால் எழுந்து தலை வாரிக்கொண்டான்.

சாப்பிடும்போதும் அவள் பேச்சுதான்.

"முணுமுணு இன்னைக்கு ஒரு பக்கம் வாசிச்சிட்டாம்மா. காதுக்குள்ள கொசு பாடற மாதிரி இருந்துச்சு."

"நான் முழுப் புத்தகமும் வாசிப்பேன்," என்றேன்.

"நீ வாசிச்சா பக்கத்து வீட்டுக்காரங்க சண்டைக்கு வருவாங்க."

அம்மாகூடச் சிரித்தார். எனக்கு ஒரு கணக்குச் சொல்லித் தரச் சொன்னால், 'அப்புறம் பாக்கலாம்' என்பவன் இவன்.

மதியம் அவர்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருப்பதை ஜன்னல் வழியாகப் பார்ப்பேன். அவளுக்குக் காய்ச்சல் வரட்டும் என்று நினைத்தேன்.

வந்தும்விட்டது.

"அவளே வரலைன்னா எனக்கு அங்க என்ன வேலை?" என்று அண்ணன் மறுபடியும் போர்த்திக்கொண்டான். சாயங்காலம் என்னோடு சதுரங்கம் ஆடினான். கணக்குச் சொல்லித் தந்தான். கோணல்மாணலாகத் தலைகூடப் பின்னிவிட்டான். ஒரு வாரம் அண்ணன் எனக்கே எனக்கு.

அப்புறம் ஒரு மதியம், படிக்கட்டில் முணுமுணு தனியாக உட்கார்ந்திருந்தாள். முகம் வாடியிருந்தது. மடியில் புத்தகம்.

"அண்ணா வரலையாக்கா?" என்றாள்.

"யாரோட அண்ணா?"

"உங்க அண்ணா."

அதற்குமேல் எப்படிக் கோபப்படுவது என்று தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தேன்.

நான் வாயைத் திறக்காவிட்டால் அண்ணன் எனக்குத்தான். ஆனால் பரீட்சை எழுத மாட்டான்.

வீட்டில் அண்ணன் காய்களை அடுக்கிக்கொண்டிருந்தான்.

"வா வாண்டு, இன்னைக்கு வெள்ளை உனக்கு."

"முணுமுணு வந்துட்டா," என்றேன். சொல்ல எரிச்சலாகத்தான் இருந்தது.

"காய்ச்சல் விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு. உன்னைக் கேட்டா. அவளும் தனியாத்தான் உக்காந்திருந்தா."

அண்ணன் இருட்டும்வரை பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டம் நடக்கவில்லை.

மறுநாள் அவன் குளிக்கும் சத்தத்தில்தான் நான் விழித்தேன்.

அண்ணன் பரீட்சை எழுதித் தேறினான். மேலே படித்து, இப்போது மின்பணியாளராக இருக்கிறான். அவனுடைய கூட்டாளிகளில் ஒருவர் மறு வருடம் பள்ளிக்குத் திரும்பினார். மற்றவர் கடையிலேயே இருக்கிறார். அம்மாவுக்கு வேலை நேரம் மாறிவிட்டது. முணுமுணு பத்தாம் வகுப்பு. இன்னும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள், ஆனால் விடாமல் வாசிக்கிறாள். நான் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. பள்ளிக்குப் போகப் பிடிக்காத நாளும் உண்டு. ஆனாலும் போய்விடுகிறேன்.