நான்கு மணிக்குள் ஒரு சாரம்

மூன்றாவது வலையும் சரிந்தது.

"போச்சு!" என்றாள் சித்தி.

நோண்டி ஸ்டூலில் இருந்து எட்டிப் பார்த்தாள். எதையாவது நோண்டிக்கொண்டே இருப்பதால் வீட்டில் வைத்த பெயர் அது. பள்ளி விடுமுறை என்பதால் சித்தியோடு ஆய்வகத்துக்கு வந்திருந்தாள்.

சித்தியின் இயந்திரமும் மற்ற அச்சு இயந்திரங்களைப் போல அச்சடிக்கும். ஆனால் மையால் அல்ல, ஜெல்லால். ஊசி முனையிலிருந்து ஜெல் நூல் போல இறங்கும். குளிர்ந்த கண்ணாடித் தகட்டைத் தொட்டதும் கெட்டியாகும். குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி எழுப்பினால் தீப்பெட்டி அளவில் ஒரு வலை.

"எதுக்கு சித்தி இது?"

"கட்டடத்துக்குச் சாரம் கட்டுவாங்கல்ல? தோல் செல்லுக்கு இதுதான் சாரம். இதைப் பிடிச்சுக்கிட்டுதான் வளரும்."

கதவிடுக்கில் ஒரு தலை நீண்டது. மாடியில் செல் வளர்க்கும் அண்ணன்.

"அக்கா, செல்லை நாலு மணிக்குக் கொண்டு வரேன். அதுக்கு மேல தாங்காது. மூணு வாரம் ஊட்டி வளர்த்த பிள்ளைங்க. கொன்னுடாதீங்க."

"வாயைக் கழுவு. போடா!"

நான்காவதும் சரிந்தது. மணி மூன்று பத்து. ஊசிக்குழாயில் இன்னும் ஒரு வலைக்குத்தான் ஜெல் மிச்சம்.

"ஜெல்லே சரியில்ல," என்றாள் சித்தி.

நோண்டி சரிந்த நான்கு வலைகளையும் குனிந்து பார்த்தாள்.

"எல்லாம் இடது மூலையிலதான் விழுந்திருக்கு. ஜெல் கெட்டுப்போயிருந்தா மொத்தமும்தானே விழணும்?"

சித்தி குளிர்பெட்டியிலிருந்து அடுத்த தகட்டை எடுத்தாள். தூசி இருக்கிறதா என்று விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். திருப்பினாள். மறுபடியும் பார்த்தாள்.

நோண்டி தூசியைத் தேடவில்லை. சித்தியின் கையைப் பார்த்தாள். குளிர்ந்த தகடு முழுக்க ஆவி படிந்து மங்கியிருந்தது. இடது மூலையில் மட்டும் கட்டைவிரல் அளவுக்குத் தெளிவு.

"சித்தி, உங்க விரல்! அந்த இடம் சூடாயிடுச்சு. அங்க ஜெல் எப்படிக் கெட்டியாகும்?"

"கையுறை போட்டிருக்கேன்ல?"

"உறை கையைத்தான் மூடும். சூட்டையுமா மூடும்?"

சித்தி முறைத்தாள். "பதினோரு வருஷமா இதே வேலை பார்க்கிறேன்."

"பதினோரு வருஷமும் இவ்வளவு நேரமா பிடிச்சுக்கிட்டு நின்னீங்க?"

சித்தி சரிந்த வலைகளைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு ஒவ்வொரு வலை விழுந்த பிறகும், அடுத்த தகட்டை இன்னும் கூடுதல் நேரம் பிடித்திருந்தாள். பயத்தில்.

"சரி, தூசி பார்க்காம எப்படி வைக்கிறது?"

"தகட்டை ஏன் விளக்குக்கிட்ட தூக்கிட்டுப் போறீங்க? விளக்கைத் தகட்டுக்கிட்ட கொண்டு வாங்க."

சித்தி கையிலிருந்த தகட்டை ஓரமாக வைத்தாள். பிறகு இடுக்கியால் புதுத் தகட்டின் விளிம்பைப் பற்றி நேராக மேடையில் வைத்தாள். கைவிளக்கைக் கீழே இறக்கிப் பார்த்தாள். தூசி இல்லை.

ஊசி நகர்ந்தது. ஒரு வரிசை. இரண்டு. பத்து. இடது மூலை நின்றது.

மூன்று ஐம்பத்திரண்டுக்கு வலை முடிந்தது. நாலு மணிக்கு அண்ணன் கொண்டு வந்த, செல்கள் மிதக்கும் திரவத்தைச் சித்தி வலைமேல் சொட்டுச் சொட்டாக விட்டாள்.

நோண்டி நுண்ணோக்கியில் கண்ணை வைத்தாள். குட்டி உருண்டை ஒன்று மிதந்து வந்து நூலின்மேல் உட்கார்ந்தது. அதன் பக்கத்தில் இன்னொன்று.

"தள்ளுடி, நானும் பார்க்கணும்," என்றாள் சித்தி.

"இருங்க சித்தி, இன்னும் ஆள் வந்துக்கிட்டே இருக்கு."