மல்லாந்து கிடந்த மூடி

எண்ணெய்ச் சட்டியின் மூடி அடுப்பு மேடையில் மல்லாந்து கிடந்தது. சாய்ராகுல் அதை எப்போதும் சுவரோடு சாய்த்துத்தான் வைப்பாள். வாழ்க்கைப்பட்டு வந்த நாளிலிருந்து கை பழகிய சமையலறை. கண்ணைக் கட்டிவிட்டாலும் உப்பு எங்கே, ஜல்லிக்கரண்டி எங்கே என்று எடுத்துவிடுவாள்.

"துர்சுன், மூடிய நீயா மல்லாத்திப் போட்ட?"

"நான் தொடவே இல்லியேக்கா," என்றாள் மாவைத் துண்டு போட்டுக்கொண்டிருந்த ஓரகத்தி. சொன்னவள் கையை நிறுத்திவிட்டு மூடியைப் பார்த்தாள்.

மூடியை அப்படிப் போடுகிறவன் அந்த வீட்டில் ஒருவன்தான் இருந்தான். சாய்ராகுலின் மகன் எர்மெக். போர்சோக் என்கிற பொரித்த மாவுத்துண்டு தட்டுக்கு வரும்வரை அவனுக்குப் பொறுமை ஏது? மூடியையே தட்டாக்கிக்கொண்டு, அடுப்படியில் நின்றபடியே ஊதி ஊதித் தின்பான். "கை சுட்டுக்கும்டா, பரதேசி!" என்று அவள் கத்தாத வியாழக்கிழமை கிடையாது.

வியாழன் மாலையானால் அந்த மலைப்பக்கத்தில் வீட்டுக்கு வீடு எண்ணெய் காயும். மாவைப் பொரித்து, செத்தவர்களைப் பேர் சொல்லி ஓதுவார்கள். அந்த வாசம்தான் செத்தவர்களுக்குச் சோறு. பேர் சொல்லப்படாதவர் வந்து நின்றாலும் பட்டினிதான்.

"இன்னிக்காவது அவன் பேரையும் சேர்த்துச் சொல்லுங்கக்கா," என்றாள் துர்சுன், குரலைத் தாழ்த்தி. "கணவாய்ல பனி சரிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. ஏறிப்போன குதிரையே செத்துத்தான கிடைச்சுது?"

"வாயக் கழுவுடி! என் புள்ள உடம்பு கிடைச்சுதா? அந்தப் பக்கம் எறங்கி எங்கயாவது பொழச்சுக்கிட்டிருப்பான். உயிரோட இருக்கிறவனுக்கு எந்தத் தாயாவது எண்ணெய் காய்ச்சுவாளா?"

"உங்க பிடிவாதம் உங்களோட. புள்ள வயிறு என்ன பாவம் பண்ணுச்சு?" துர்சுன் கண்ணைத் துடைத்துக்கொண்டு பால் கறக்கப் போய்விட்டாள்.

சாய்ராகுல் மூடியைச் சுவரோடு சாய்த்தாள். பருத்திவிதை எண்ணெய் காய்ந்து நீலப்புகை விட, அடுப்பில் எருவறட்டி சடசடக்க, கூரையிலிருந்து பனி வழுக்கித் தொப்பென்று விழ, சன்னலுக்கு வெளியே நாய் குரைக்காமல் முனகிக்கொண்டே இருக்க, இத்தனைக்கும் நடுவில் நனைந்த ஆட்டுத்தோல் கோட்டின் வாடை ஒன்று மெல்ல வந்து அவள் கழுத்துக்குப் பின்னால் நின்றது.

மாவைப் போட்டாள். மாமனார் பேரைச் சொன்னாள். மாமியார் பேர். தன் அப்பா பேர். வழக்கம்போல அங்கேயே நிறுத்தினாள்.

பின்னால் யாரோ எச்சில் விழுங்கினார்கள்.

அவள் திரும்பவில்லை. சுவரைப் பார்த்தாள். மூடி அங்கே இல்லை. மேடையில் மல்லாந்து கிடந்தது. அதன் மேல் பனித்தூள். அடுப்பின் அனலில் அது உருகவே இல்லை.

அவள் தோளை உரசிக்கொண்டு ஒரு கை நீண்டது. நகமெல்லாம் நீலம். கட்டைவிரல் அடியில் அந்தத் தழும்பு. ஏழு வயதில் இதே சட்டியில் சுட்டுக்கொண்டது. அவள்தான் மருந்து போட்டாள்.

கொதிக்கிற எண்ணெய்க்குள் கை இறங்கியது. சத்தமே இல்லை.

"கை சுட்டுக்கும்டா," என்றாள்.

துண்டுகளை எடுத்து மூடியில் போட்டது. பின்னால் ஒரு வாய் ஊதியது. மூச்சு இல்லை. ஒன்றை வாய்க்குக் கொண்டுபோனது. திரும்பக் கொண்டுவந்து வைத்தது. இன்னொன்று. அதையும் வைத்தது.

தின்ன முடியவில்லை அவனால்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இன்றைக்கு மட்டும் வந்தவன் இல்லை இவன். ஒவ்வொரு வியாழனும் வந்திருக்கிறான். இங்கேயே நின்றிருக்கிறான். தாத்தாவுக்கும் பாட்டிக்கும் போட்டதை மோந்துகொண்டு, பேருக்குக் காத்துக்கொண்டு. பாவி. நான் பாவி.

சொன்னால் பசி ஆறும். சொன்னால் செத்துப்போவான்.

"செத்துப்போன என் மகன்..." இன்னொரு துண்டை எண்ணெயில் போட்டாள். "என் மகன் எர்மெக்குக்கு."

நாய் முனகுவதை நிறுத்தியது.

அவன் தின்றான். மெல்லவில்லை. விழுங்கினான். மூடி காலியானது. அவள் போட்டாள், அவன் தின்றான். அழுதுகொண்டே போட்டாள். மாவு தீர்ந்தது.

"இன்னும்மா."

"தீர்ந்துபோச்சுடா கண்ணு."

காலி மூடி அவள் விலாவில் இடித்தது. பனியின் குளிர்.

"பசிக்குதும்மா."

அவள் தன் கைகளைப் பார்த்தாள். மணிக்கட்டுவரை மாவு அப்பி, பொரிக்காத போர்சோக் போலவே இருந்தன. எண்ணெய் புகைந்துகொண்டிருந்தது.

"இரு, தர்றேன்," என்று சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டினாள்.