பெண்கள் பக்கத்து டிக்கெட்டு

பெண்கள் வாசலில் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த பஞ்சம்மாள், ராக்கையா நீட்டியதைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுத்த பிறகுதான் அவன் தோளில் கிடந்த மகள் ராஜாத்தியைப் பார்த்தாள்.

"சின்னப் புள்ளைக்கு டிக்கெட்டு கெடையாதேய்யா."

"தெரியாம வாங்கிட்டேன். கிழிச்சது கிழிச்சதுதான், விடுங்க."

"வீணாவா போகப் போகுது?" என்றவள், அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்து, வழிவிட்டு ஒதுங்கி நின்றாள். ராக்கையா திரும்பிப் பார்த்தான். சாரலில் நனைந்த மண்பாதைதான் கிடந்தது.

மணி மூன்றுதான். ஆனாலும் மேற்கு மலையிலிருந்து இறங்கிய ஆனிச் சாரல் கம்பம் ஊரையே மூடிப் போட்டிருந்தது. சந்தைக்கு வந்த கூட்டமெல்லாம் அந்த ஓலைக் கொட்டகைக்குள் புகுந்துகொண்டிருந்தது. கிராமபோன் பிளேட்டில் மட்டும் கேட்டிருந்த கஸ்தூரியம்மாள் நேரிலே வந்து பாடுகிறாள் என்றால் சும்மாவா? பெண்டாட்டி செத்து நாற்பது நாள்கூட ஆகாதவன் பாட்டுக் கேட்கப் போகிறானே என்று அவன் ஊரான காமயகவுண்டன்பட்டியில் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். பேசட்டும். பவுனு போன நாளிலிருந்து ஐந்து வயதுப் பிள்ளை ஒரு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கவில்லை. காப்பிக்கடையில் கஸ்தூரியம்மாளின் தாலாட்டு ஓடும்போது மட்டும் கண் சொக்கினாள். அதற்காகத்தான் தூக்கி வந்திருந்தான்.

பெண்கள் பக்கத்துக்கு ஆண்கள் போக முடியாது. பாட்டுக் கேட்க வந்திருந்த பக்கத்து வீட்டு ஜக்கம்மாவிடம் பிள்ளையைக் கொடுத்தான்.

"பாத்துக்க மதினி. பாதியில தூங்கிட்டா எழுப்பிராத."

"நா பாத்துக்கிறேன். நீ போயி உக்காருய்யா."

கொட்டகையின் நடுவில் கட்டியிருந்த தென்னந்தட்டியை ஒட்டி ஈர மணலில் உட்கார்ந்தான். பீடிப் புகையும், நனைந்த வேட்டிகளின் முடை வாடையும், ஓலையில் ஓயாமல் விழும் சாரலின் சத்தமும், தட்டிக்கு அந்தப் பக்கம் வளையல்கள் உரசி உரசி அடங்குவதும் எல்லாமாகச் சேர்ந்து அவனை அழுத்தின. அவற்றுக்கு அடியில், எங்கிருந்தோ, மெல்லியதாக வரட்டி எரிகிற வாசம் வந்தது. பக்கத்தில் அடுப்பு எதுவும் இல்லை.

கஸ்தூரியம்மாள் குட்டையாக, கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு, சளி பிடித்தவள் மாதிரி வந்து நின்றாள். வாயைத் திறந்ததும் கொட்டகை அடங்கியது. மூன்றாவதாகத் தாலாட்டை எடுத்தாள்.

அந்தப் பாட்டைக் கேட்கத்தான் பவுனு தலையில் புல்லுக்கட்டோடு காப்பிக்கடைக்கு எதிரே நிற்பாள். "இவுகள ஒருக்கா நேர்ல பாக்கணும்," என்பாள். "கம்பத்துக்கு வரட்டும், கூட்டிட்டுப் போறேன்," என்று இவன் நாளைக் கடத்தினான். போன வருசம் பக்கத்து ஊருக்கு அவள் வந்தபோது களையெடுப்பு இருக்கிறதென்று தட்டிக் கழித்தான். வைகாசியில் குளிர்காய்ச்சல் அவளை மூன்றே நாளில் கொண்டுபோய்விட்டது. வரட்டி அடுக்கிக் கொள்ளி வைத்தால் திரும்பிப் பார்க்காமல், 'வாறேன்' என்று சொல்லாமல் சுடுகாட்டை விட்டு வந்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போன உயிர் பின்னாலேயே வரும்; சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த முறை அது. ராக்கையா திரும்பிப் பார்த்தான். சொல்லியும் விட்டான். "அவுக வாறப்ப வாறேன். கூட்டிட்டுப் போறேன்." மனசு ஆறவில்லை, சொல்லிவிட்டான்.

பாட்டு முடிந்தது.

"இன்னொருக்க பாடுங்க."

தட்டிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு பெண்குரல். ஒன்ஸ்மோர் கேட்பதெல்லாம் ஆண்கள் வேலை. பெண்கள் அங்கே வாய் திறப்பதில்லை. ஆண்கள் சிரித்தார்கள். ராக்கையா தட்டிப் பக்கம் திரும்பினான். காய்ச்சலில் வறண்டு கரகரத்த அந்தத் தொண்டைக்கு மூன்று நாள் தண்ணீர் ஊற்றியவன் அவன்.

கஸ்தூரியம்மாள் சிரித்தபடி மறுபடி பாடினாள்.

"இன்னொருக்க."

இந்தத் தடவை அவள் சிரிக்கவில்லை. மேடையில் நிற்பவர்களுக்குத் தட்டியின் இரண்டு பக்கமும் தெரியும். பெண்கள் பக்கம், முன்வரிசையில், ஒரே இடத்தைப் பார்த்தபடி பாடினாள். ஆர்மோனியக்காரர் அவள் பார்த்த இடத்தைப் பார்த்தார். கை நின்றது. பெட்டியை மூடாமலே எழுந்து போனார். பிறகு மிருதங்கமும் நின்றது.

"இன்னொருக்க."

பாடினாள். நிறுத்தப் பயந்து பாடினாள். கன்னத்தில் நீர் வழிந்தது. வரட்டிப் புகையின் நெடி தாங்காமல் கூட்டம் இருமிக்கொண்டே கலைந்தது. ராக்கையா பெண்கள் வாசலுக்கு ஓடினான். ஜக்கம்மா வெளியே வந்தாள். தனியாக.

"புள்ள எங்க மதினி?"

"முன்னால ஒரு பொம்பள மடியில தூங்குறாய்யா. எழுப்பாதன்னு நீதான சொன்ன. யாரோ நம்ம ஊருக்காரிதான். மொகத்தப் பாக்கல. நல்லாத் தட்டிக்குடுத்துக்கிட்டு இருந்தா."

உள்ளே ஓடினான்.

மணல். வெற்றிலை எச்சில். ஆள் இல்லை. மேடையில் பாடிக்கொண்டே நிற்கும் ஒருத்தி. கீழே ராஜாத்தி.

தூங்கிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அப்படியொரு தூக்கத்தை அவன் பார்த்ததில்லை. வாய் லேசாகத் திறந்திருந்தது. ஒருக்களித்துப் படுத்திருந்தாள். தலை தரையில் இல்லை. மணலுக்கு ஒரு சாண் மேலே, மடி இருக்கும் உயரத்தில், வெறும் காற்றில் சாய்ந்திருந்தது.

ராக்கையாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பயத்தில் மட்டும் வந்த அழுகை இல்லை அது.

"பவுனு," என்றான். "பாத்துட்டேல்ல தாயி. புள்ளைய விட்டுரு. எனக்கு இவ ஒருத்திதான்."

மண்டியிட்டான். இரண்டு கைகளையும் பிள்ளையின் முதுகுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான்.

வரவில்லை.

அங்கே இன்னொரு கை இருந்தது. கண்ணுக்குத் தெரியாத கை. அவன் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கியது. கோபமாக இல்லை. தூங்கும் பிள்ளையை எழுப்பாதே என்று பெற்றவள் விலக்குவதுபோல. அந்தக் கை கொதித்தது. வைகாசியில், கடைசி ராத்திரி, ஈரத்துணி போட்டுப் போட்டும் அவனால் ஆற்ற முடியாத அதே சூடு.

ராஜாத்தியின் முதுகு சில்லென்றுதான் இருந்தது. பிறகு வெதுவெதுத்தது. பிறகு சுட்டது. தூக்கத்திலேயே பிள்ளை குளிரில் நடுங்கத் தொடங்கினாள்.