ஹுல்ட்ரெ என்றால் மூடியது

மூன்றரை மணி ரயிலின் சத்தம் கேட்கவில்லை. ஹவுகன்ஸ்டுவா புறநகரில் மேரினின் நிலமட்ட வீட்டுக்கு யோசெப்பின் என்ற தமிழ்ப்பெண் மூன்று கிழமையாக உதவிப் பணியாளராக வருகிறாள். அந்த ரயிலின் அதிர்வில் யன்னல் கண்ணாடி நடுங்கும்போதுதான் குசினித் துணியைப் பிழிந்து காயப்போட்டு, மகள் எம்மாவைப் பாலர் பள்ளியிலிருந்து கூட்டிவரப் புறப்படுவாள். இன்றைக்குக் கடிகாரம் நாலு காட்டியது. கோப்பி வாசனைக்கு அடியில், கிண்டிவிட்ட தோட்டம்போல ஈர மண் மணத்தது.

"நேற்று ஒரு சொல்லுக்குப் பொருள் கேட்டாயே," என்றாள் மேரின், முறிந்து மாக்கட்டுப் போட்ட காலை நீட்டியபடி.

எம்மா பாடிவந்த பாட்டில் இருந்த சொல்: ஹுல்ட்ரெ. காட்டில் ஆடும், மாட்டு வாலுள்ள அழகான தேவதை என்று ஆசிரியை சொன்னாராம்.

"அழகு, வால் எல்லாம் பிறகு ஒட்டினது. பழைய பொருள் 'மூடினது'. அவ்வளவுதான்."

"யார் மூடினது?"

மேரின் சிரித்தாள். "இதுவரை இங்கே வேலைக்கு வந்த ஒருத்தியும் அதைக் கேட்கவில்லை."

யோசெப்பின் தன் மேலங்கியை எடுத்தாள். வழக்கம்போலத் தமிழிலேயே, "போட்டு வாறன்," என்றாள்.

"போய்விட்டுத் திரும்பி வருவேன் என்றுதானே பொருள் சொன்னாய்? வெறுமனே 'போகிறேன்' என்று சொல்லவே மாட்டீர்களாமே."

"சொல்லக்கூடாது. அது செத்தவர்களுக்கு."

"அப்படியென்றால், வேலைக்கு வந்த பதினைந்து நாளும் திரும்பி வருவதாக எனக்கு வாக்குத் தந்திருக்கிறாய்."

நடையில் கதவு இருந்த இடத்தைக் கை தடவியது. சுவர். ஈரம். மறுபடி தடவினாள். சுவர்தான்.

கணவன் டெனிசுக்கு அழைத்தாள். "இஞ்சாருங்கோ, பிள்ளையை நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. நான் மேரின் வீட்டிலை. கதவைக் காணேல்லை."

"ஆர் கதைக்கிறது? அவவின்ரை போனைக் கண்டெடுத்தனீங்களோ?" டெனிஸ் சிரித்தான். "குரலும் அவவின்ரை மாதிரித்தான் கிடக்கு. அவ இஞ்சை பிள்ளைக்குச் சீப்பாலை தலை இழுத்துக்கொண்டிருக்கிறா."

பின்னால் எம்மாவின் சிரிப்பு. பிறகு இணைப்பு அறுந்தது.

திரும்பினாள். கதிரையில் மேரின் இல்லை. மாக்கட்டு மட்டும். வெட்டாமல், உடையாமல், காலின் வடிவில், வெறுமையாக.

யன்னல்.

ஓடித் திரைச்சீலையை இழுத்தாள்.

வரும்போது கிடந்த பனி இல்லை. வானம் இல்லை. கண்ணாடியோடு ஒட்டிய கறுப்பு மண். வேர்கள். வேர்களுக்கு நடுவே அவள் போட்டிருப்பதைப் போன்ற நீல வேலைச் சட்டையில் பெண்கள், தோளோடு தோளாக. ஒருத்தி கண் திறந்தாள்.

கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் இடம் விட்டாள்.